தாடைக்குக் கீழே ஒரு துடிப்பு

அந்தக் கட்டியை முதலில் பார்த்தது நான் இல்லை, என் கணவர். உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இது என்னது, உன் கழுத்துல நிழலா?" என்று கேட்டார். நிழல் இல்லை. வலது தாடை முடிகிற இடத்துக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் ஏதோ புடைத்திருந்தது. வலியில்லை. விரலால் பக்கவாட்டில் தள்ளினால் அசைந்தது. மேலும் கீழுமாகத் தள்ளினால் அசையவே இல்லை. விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தபோது அதற்குள் ஏதோ துடித்தது.

"நெறி கட்டியிருக்கும்" என்றேன். சொல்லும்போதே அப்பாவின் கழுத்து நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பாவுக்கும் இதே இடத்தில் ஒரு கட்டி இருந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே இருந்தது. கூலிக்குக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தவர், பிறகு ஓர் அலுவலகத்தில் தோட்டக்காரராகச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். கட்டியும் அவரோடு வளர்ந்தது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு மறைத்துக்கொள்வார். ஒரு கட்டத்தில் சோறு விழுங்கச் சிரமப்பட்டார். அப்போதுதான் என் அண்ணன் மாமல்லபுரத்தில் சுற்றுலா வழிகாட்டியாகச் சம்பாதிக்க ஆரம்பித்திருந்தான். தன் கையிலும் நாலு காசு இருக்கிறது என்ற தைரியத்தில் அப்பாவை ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனான். சாதாரணக் கொழுப்புக்கட்டி, எடுத்துவிட்டால் சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கத்தி வைத்ததும் பீறிட்ட ரத்தத்தை அவர்களால் நிறுத்த முடியவில்லை. கல்லூரியிலிருந்து நான் ஓடி வந்தபோது, அண்ணன் நர்சிங் ஹோம் நடையில் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தான். அப்பா இல்லை.

அதற்குப் பிறகு அண்ணன் எந்த ஆஸ்பத்திரிக்குள்ளும் கால் வைத்ததில்லை. அவனுடைய இரண்டு பெண்களும் பிறந்தபோதுகூட வாசல் கேட்டுக்கு வெளியேதான் நின்றான். அப்பாவின் சாவைப் பற்றி அவன் பேசியதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

ஆகவே அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல், கணவரோடு செங்கல்பட்டில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, டி.பி.யாக இருக்கலாம், ஊசி போட்டு உறிஞ்சிச் சோதித்தால் தெரிந்துவிடும் என்று எழுதிக் கொடுத்தார். நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் கழுத்தில் கட்டி என்றால் பத்துக்கு எட்டு பேருக்கு அதுதான் என்று அவரே சொன்னார்.

லேபில் என்னைப் படுக்க வைத்துக் கழுத்தைத் திருப்பச் சொன்னார்கள். பஞ்சின் ஈரம் சில்லென்று பட்டது. ஊசியோடு வந்த லேடி டாக்டருக்கு என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். இடது கையால் கட்டியைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு இரண்டு விரல்களால் மறுபடி அழுத்திப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கட்டியின் மேலேயே வைத்துக் கேட்டார்.

"இத நான் குத்த மாட்டேம்மா. எழுந்திருங்க."

"ஏன் டாக்டர்?"

"துடிக்குது. உள்ள ரத்தம் ஓடுற சத்தம் கேக்குது. இது வேற மாதிரி கட்டியா இருக்கலாம். வேற எங்கயும் யாராவது ஊசி போடணும்னு சொன்னாலும் சம்மதிக்காதீங்க. முதல்ல ஸ்கேன்."

படபடப்பு வருமா, திடீரென்று வியர்த்துக் கொட்டுமா, பி.பி. ஏறுமா, குரல் மாறியிருக்கிறதா, விழுங்கும்போது இடிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். படியிறங்கும்போது கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஊசி மட்டும் இறங்கியிருந்தால் என்ற நினைப்பு இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும்.

ஸ்கேன், அதற்கு மேல் இன்னொரு ஸ்கேன் என்று முடித்துக்கொண்டு சென்னையில் ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை செய்யும் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். பரபரப்பில்லாத மனுஷி. படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் கழுத்தில் இரண்டாகப் பிரிகிறது. அந்தக் கவட்டைக்குள் ஒரு உருண்டை உட்கார்ந்து இரண்டு கிளைகளையும் விலக்கி வளைத்திருந்தது.

"அந்தப் பிரியுற இடத்துல அரிசி அளவுல ஒரு சின்ன உறுப்பு எல்லாருக்கும் உண்டு. ரத்தத்துல ஆக்ஸிஜன் குறையுதான்னு பார்த்துக்கிறது அதோட வேலை. அதுலேருந்து வளர்ற கட்டி இது. ரொம்ப அபூர்வம். ரொம்ப மெதுவா வளரும். பெரும்பாலும் கேன்சர் கிடையாது."

"அப்ப விட்டுடலாமா டாக்டர்?" என்றார் கணவர்.

"வயசானவங்கன்னா விட்டுட்டுக் கண்காணிக்கலாம். இவங்களுக்கு இன்னும் சின்னதா இருக்கு. இப்ப எடுக்கிறது சுலபம். பெருசாகி ரத்தக்குழாயச் சுத்திக்கிட்டா கஷ்டம். இது முழுக்க ரத்தநாளம். தெரியாம கை வெச்சா நிக்கவே நிக்காது." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்க குடும்பத்துல யாருக்காவது கழுத்துல கட்டி இருந்துதா?"

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். எங்கே, எப்படி, எவ்வளவு ரத்தம் என்பதுவரை சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அது கொழுப்புக்கட்டியா இருந்திருக்காதும்மா. இதுவாத்தான் இருந்திருக்கணும். கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு அண்ணன்."

"அவர் கழுத்தைப் பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சில வருஷங்களாக அண்ணன் தாடி வளர்த்திருந்தான். வெயிலுக்கு என்று ஒரு பருத்தித் துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருப்பான். வீட்டுக்குள்ளும் அதை எடுப்பதில்லை. தொழில் பழக்கம் என்று நினைத்திருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் மாமல்லபுரம் போனேன். தனியாகத்தான் போனேன். வெளிநாட்டுக்காரர்கள் சிலரைப் பாறைச் சிற்பத்தின் முன்னால் நிறுத்தி வைத்து அண்ணன் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தான். கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்கும் கேட்கிற குரல் அவனுக்கு. அன்று நடுநடுவே தொண்டையைச் செருமினான். முன்பும் செருமியிருப்பான், நான் கவனித்ததில்லை.

கூட்டத்தை அனுப்பிவிட்டு வந்தான். "இன்னா பாப்பா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? நாஸ்தா துன்னியா?"

"அப்புறம் சாப்பிடலாம்ணா. கொஞ்சம் கடற்கரைப் பக்கம் போலாம் வா."

மீனவர்கள் வலை உலர்த்தும் இடத்தைத் தாண்டி, ஆள் நடமாட்டம் குறைந்த ஓரத்தில் நின்றோம். சுற்றி வளைக்காமல் என் கழுத்தைக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் அவன் முகம் செத்துப்போனது.

"ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க."

"வாணாம்."

"அண்ணா, கேளு..."

"இன்னாத்த கேக்கறது? அப்பாக்கும் அப்டித்தான் சொன்னானுங்க. சின்னக் கட்டி, சாய்ந்தரம் வூட்டுக்குப் போய்டலாம்னு. நான்தான் இட்டுகினு போனேன். என் கையாலதான் கையெழுத்துப் போட்டேன். நீ போவாத. இது பாட்டுக்கு கீது, இருந்துட்டுப் போவட்டும்."

இத்தனை வருஷத்தில் அவன் அப்பாவைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அப்பாவுக்கு வந்தது சாதாரணக் கட்டி இல்லை. அந்த ஸ்கேன் எடுக்காமல் யார் தொட்டிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். அழைத்துப் போனவனுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. அவன் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தபடி கேட்டான். உள்ளே இறங்கியதா என்பது தெரியவில்லை.

"துண்ட எடுண்ணா."

"இன்னாத்துக்கு?"

"எடு."

நான் கை நீட்டியதும் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தான். பிறகு அவனாகவே துண்டை அவிழ்த்தான். இடது பக்கம் தாடிக்குள்ளிருந்து எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. வலது பக்கத்தில் தொட்டுப் பார்த்தால் மட்டும் தெரிகிற இன்னொன்று. இரண்டும் துடித்தன.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"நெறின்னு சொல்லிக்கினு கீறேன்." குரல் இறங்கியிருந்தது. "மூணு டூரு அடிச்சா தொண்ட கட்டிக்குது பாப்பா. தண்ணி குடிச்சா சில நேரம் பொறையேறுது. நம்ம அப்பன் போன வழிதான்னு முடிவு பண்ணிட்டேன்."

கெஞ்சினேன், கோபப்பட்டேன், அண்ணியிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். கடைசியில் அவன் சொன்னது இதுதான்: "மொதல்ல உனுக்கு ஆவட்டும். அப்பால பாக்கலாம்."

பேருந்தில் திரும்பும்போது அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது. எனக்கு நல்லபடி முடிந்தால் அவன் வருவான். முடியாவிட்டால் அவனும் வரப்போவதில்லை. என் ஒரு கழுத்தில் இரண்டு பேருடைய உயிரைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டான்.

விடுப்பு சொல்லப் பொத்தேரிக்குப் போனேன். அங்கே கல்லூரிப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் நான் வார்டன். மாடிப்படியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் நாலு மாடிக்கும் கேட்கும். டாக்டர் சொன்ன அபாயங்களில் குரலும் ஒன்று. கட்டியை ஒட்டி நாக்குக்குப் போகும் நரம்பும் குரலுக்குப் போகும் நரம்பும் ஓடுகின்றன. கை பட்டால் நாக்கு ஒரு பக்கம் இழுக்கும், குரல் கம்மும். ரத்தக்குழாய் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிவிட்டு, "இதெல்லாம் வரும்னு சொல்லல. வந்தா நாங்க என்ன பண்ணணும்னு எங்களுக்குத் தெரியும்னு சொல்றேன்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

கட்டி ஏதாவது ஹார்மோனைச் சுரக்கிறதா என்று ஒரு நாள் முழுதும் சிறுநீரைச் சேர்த்துச் சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. சுரந்திருந்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது பி.பி. தாறுமாறாகப் போகுமாம். ஆபரேஷனுக்கு முதல் நாள் தொடையிடுக்கு வழியாக மெல்லிய குழாயைக் கழுத்துவரை ஏற்றி, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய்களை அடைத்தார்கள். நினைவோடுதான் இருந்தேன். காதுக்குப் பின்னால் ஒரு வெப்பம் பரவியது. "ஆடாதீங்கம்மா" என்று யாரோ சொன்னார்கள். மூச்சு விடவே பயந்தேன்.

மறுநாள் காலை என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது கணவரும் அண்ணியும் கூட நடந்து வந்தார்கள். அண்ணன் வரவில்லை. வருவான் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. இருந்தாலும் நடையின் கடைசிவரை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வெளியே நடந்ததைக் கணவர் பிறகு சொன்னார். ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறம் டீக்கடையில் அண்ணன் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்திருக்கிறான். மேலே ஜன்னலிலிருந்து அண்ணி பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். அவனிடம் என்ன சொன்னாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் முன்னால் வர, பின்னாலேயே அவன் வந்தான். கேட்டைத் தாண்டி, படியேறி, ஆபரேஷன் தியேட்டர் வாசல் பெஞ்சில் நுனியில் உட்கார்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்ததாம்.

டாக்டர் சொல்லியிருந்த நேரம் கடந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. பிறகு ஒரு நர்ஸ் வேகமாக வெளியே வந்து, ரத்த வங்கியிலிருந்து இன்னொரு பை வாங்கி வரச் சொன்னார். அண்ணன் எழுந்துவிட்டான்.

"ரத்தம் நிக்கலியா? நெஜத்த சொல்லுமா. நிக்கலியா?"

நர்ஸ் பதில் சொல்ல நிற்கவில்லை. "உக்காருங்க மச்சான்" என்று கணவர் அவன் தோளைப் பிடித்திருக்கிறார்.

"இதே மாதிரிதான் மாப்ள. அன்னிக்கும் இதே மாதிரிதான் ஒரு பொண்ணு ஓடிச்சி."

ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று தெரியாமல் நின்றிருந்தார்கள்.

கடைசியில் டாக்டரே வெளியே வந்தார். "கட்டி முழுசா வந்துடுச்சு. ரத்தக்குழாய்ல ஒரு இடத்துல கிழிசல் வந்துது. தெச்சாச்சு. இப்ப ரத்தம் நின்னுடுச்சு. கண்ணு முழிச்சு கை கால் அசைக்கட்டும், அப்புறம் நிம்மதியா இருக்கலாம். ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க."

கணவர்தான் போக வேண்டும். ஆனால் அவர், "நீங்க போங்க மச்சான்" என்றார்.

என் நினைவு அங்கிருந்து தொடங்குகிறது. வெள்ளை வெளிச்சம். தொண்டையில் எரிச்சல். பச்சை அங்கி மாட்டிய ஒரு தாடிக்காரன் என்மேல் குனிந்திருந்தான். அவன் பக்கத்தில் டாக்டர்.

"கையப் பிடிச்சு அழுத்தச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"பாப்பா. கைய அமுக்கு. நல்லா அமுக்கு."

அமுக்கினேன். அடுத்த கையையும் அமுக்கினேன். கால் விரல்களை ஆட்டினேன். நாக்கை நீட்டச் சொன்னார்கள், நீட்டினேன். அது கோணாமல் நேராக வந்தது என்று டாக்டர் தலையாட்டியதில் தெரிந்தது. "அண்ணா" என்று கூப்பிடப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. அண்ணன் டாக்டரைத் திரும்பிப் பார்த்தான்.

"நரம்பு அறுபடல. இழுபட்டிருக்கு. பொறுத்துப் பார்ப்போம்" என்றார் அவர்.

அந்தக் காற்றுக் குரலோடு பல மாதம் ஓடியது. பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். அறையில் தனியாக உட்கார்ந்து ஆ, ஈ, ஊ என்று இழுத்துக்கொண்டிருப்பேன். யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு வேதனையும் வந்தது. எந்த வேளைச் சாப்பாட்டிலும் முதல் வாய் வைத்ததும் தாடைக்குள் மின்சாரம் பாய்ந்தது போலச் சுண்டும். இரண்டாவது, மூன்றாவது வாயில் அடங்கிவிடும். அடுத்த வேளை மறுபடி முதல் வாயில் சுண்டும். இட்லித் தட்டின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. இந்தக் கட்டியை எடுத்தவர்கள் சிலருக்கு அப்படி வருமாம். மெதுவாகக் குறைந்தது. குரலும் திரும்பியது. பழைய கனம் இல்லை. நாலாவது மாடிக்குக் கேட்காது, இரண்டாவதோடு நின்றுவிடும்.

அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். நான் வீடு திரும்பிய வாரமே அண்ணியோடு ஸ்கேனுக்குப் போனான். டாக்டர் அவன் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். இடது கட்டி ரத்தக்குழாயை முழுக்கச் சுற்றி வளைத்திருந்தது. வலதில் சின்னதாக ஒன்று.

"உங்களுக்கு நான் கத்தி வைக்கப் போறதில்ல" என்றார்.

அண்ணனுக்குப் புரியவில்லை. "கத்தியே வாணாமா?"

"இடது பக்கம் எடுத்தா குரல் நரம்பு போயிடும். நாளைக்கு வலது பக்கமும் எடுக்க வேண்டி வந்தா, பேசவும் முடியாது, விழுங்கவும் முடியாது, பி.பி.யும் நிலையா நிக்காது. கதிர்வீச்சு கொடுத்து வளர்ச்சிய நிறுத்தலாம். கட்டி அங்கயேதான் இருக்கும், பெருசாகாது. வலது பக்கத்தக் கண்காணிப்போம்."

செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் அவனோடு நானும் பல நாள் போய் வந்தேன். முகத்துக்கும் கழுத்துக்கும் அச்செடுத்தது போன்ற வலைமூடியை மாட்டி மேசையோடு அழுத்திப் பூட்டுவார்கள். முதல் நாள் வெளியே வந்தவன் கன்னமெல்லாம் வலைத் தடத்தோடு, "ஆணி அட்சா மாதிரி அசைய முடியல பாப்பா, பேஜாரா கீது" என்றான். கொஞ்ச நாளில் நாக்கில் ருசி போனது. மீன் குழம்பு மண் மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளினான். ருசி திரும்பி வர வெகுகாலம் பிடித்தது. கட்டி சுருங்கவில்லை, வளரவும் இல்லை. இப்போது இடுப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, காலையில் ஒரு கூட்டத்துக்கு மட்டும் வழிகாட்டுகிறான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது டாக்டர் எங்கள் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். எங்கள் இருவருக்கும் வந்தது அப்பா வழியாக. இந்த வகைக் கோளாறு பெண் வழியாகப் பிள்ளைக்குப் போனாலும் அநேகமாகக் கட்டியாக வராது. ஆண் வழியாகப் போனால்தான் ஆபத்து.

என் மகனை நினைத்துக்கொண்டேன். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அடுத்த கணமே பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று. அவனுக்கு இரண்டு பெண்கள்.

அந்தச் சோதனைக்குச் சின்னவள் கேட்டதும் சரி என்றாள். கல்லூரிக்குப் போகும் பெரியவள் மறுத்தாள். "வந்தா வரட்டும்பா. இப்பவே தெரிஞ்சுகினு தெனமும் கழுத்தத் தடவிகினு உக்காரணுமா?"

நானும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பேசிப் பார்த்தோம். அசையவில்லை. அண்ணன் அவளை அதட்டவில்லை. "எங்கப்பாக்கு இன்னா வியாதின்னு அவருக்கே தெரியாது. எனுக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா அவரு இருந்திருப்பாரு" என்று மட்டும் சொன்னான். கம்மிய குரலில் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். அந்த வாரம் முழுதும் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் என்னைக் கைப்பேசியில் கூப்பிட்டு, "அத்த, நீங்க கூட வர்றீங்களா?" என்றாள்.

சின்னவளுக்கு அந்தக் கோளாறு இல்லை. பெரியவளுக்கு இருந்தது. ஆனால் ஸ்கேனில் கழுத்து சுத்தமாக இருந்தது.

"அப்ப எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல, அப்டித்தான டாக்டர்?" என்று கேட்டாள்.

"இப்ப ஒண்ணும் இல்ல. அப்பப்போ வந்து பார்த்துக்கணும். வந்தாலும் சின்னதா இருக்கும்போதே பிடிச்சுடுவோம்."

"கல்யாணம், கொழந்த எல்லாம்?"

"எல்லாம் உண்டு."

அவள் தன் ஸ்கேன் படத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எடுத்துக்கொண்டாள். ரயிலில் அதைப் பெரிதாக்கி, இரண்டாகப் பிரியும் அந்த இடத்தை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். எங்களோடு வந்திருந்த அண்ணன் எதிர் இருக்கையில் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். அழுகிறானோ என்று பார்த்தேன், தெரியவில்லை. செங்கல்பட்டு வந்ததும் அவள் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "மாமல்லபுரம் பஸ் கெளம்பிடும்பா, நான் போயி எடம் புடிக்கிறேன். நீங்க மெதுவா வாங்க" என்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டில் ஓடினாள்.